கதிரேசன் வீட்டுக் கைகள்

வினோதினிக்குக் கருமாதி முடிந்து ஏழு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரிசல்பேட்டை பருத்திக்கடைத் தெருவில், அவளுடைய அண்ணன் கதிரேசன் வீட்டுக் கம்ப்யூட்டரின் கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவிலிருந்து அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெளியே வந்தன. கூடத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா சிவகாமி சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். இடது கை மோதிர விரலுக்குக் கீழே, பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

கைகள் கீபோர்டில் என்னவோ தட்டின, திரையில் எழுத்து வந்தது. சிவகாமிக்குப் படிக்கத் தெரியாது. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய், வேலையிலிருந்து ஓய்வுபெற்று டிவி பார்த்துக்கொண்டிருந்த பூரணம் டீச்சரைக் கூப்பிட்டாள். "வினோ வந்திருக்கா டீச்சர். கை மட்டுந்தான் வந்திருக்கு. என்னமோ எழுதுறா, வந்து படிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படித்தார். "சாப்பிட்டேம்மா. நீ சாப்பிட்டியா? இவ்வளவுதான் எழுதியிருக்கு, சிவகாமி."

இது எப்படி நடந்தது என்று அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, அதனால் இங்கேயும் அதைச் சொல்லப்போவதில்லை. ரவுட்டர் எப்படி வேலை செய்யும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதிரேசன் தப்புக் கணக்குப் போட்டது அந்த இடத்தில்தான்.

வினோதினி ஊரில் இருந்தவரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஆன்லைன் சென்டரில் வேலை பார்த்தாள். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், பாஸ்போர்ட், முதியோர் உதவித்தொகை, இப்படி ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கைகள் அவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை சென்டரில் இருந்தபடியே எடுக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, இணைப்புக் கொடுக்க வந்தவன் அருள்தாஸ். அவன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள். பருத்திக்கடைத் தெருவுக்குள் வரும்போது அவனைப் போன்றவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்த காலம் ரொம்பப் பழசு அல்ல, அந்தக் காலம் முடிந்துபோனதில் அந்தத் தெருவுக்கு வருத்தமும் உண்டு.

"ரவுட்டர்ங்கிறது வாட்ச்மேன் மாதிரிங்க," என்று அவன் ஸ்டூலில் ஏறி நின்றபடியே சொன்னான். "உள்ள இருக்கிறவங்க வெளிய போனா விட்டுரும். நீங்க கேட்டனுப்பினதுக்குப் பதில் வந்தா, அதையும் விடும். வெளிய இருந்து புதுசா யார் வந்து தட்டினாலும் விடாது. விடணும்னா, 'இந்த நம்பர் சொல்லிட்டு வர்ற ஆள இந்த ரூமுக்கு அனுப்பு'ன்னு உள்ள இருக்கிறவங்க முன்கூட்டியே அதோட நோட்டுல எழுதி வச்சிருக்கணும்."

"நானே என் வீட்டுக்கு வர்றதுக்குமா?"

"உங்களுக்கும் அதேதாங்க. வீடு உங்களோடதுன்னு அதுக்குத் தெரியாது."

எண்ணை அவளே தேர்ந்தெடுத்தாள், அவளே எழுதினாள். வீட்டு இணைப்பின் முகவரி கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், மாறும்போதெல்லாம் புது முகவரியைத் தானாகவே சொல்லிவிடும் ஒரு சின்ன ஏற்பாட்டையும் அவன் செய்து கொடுத்தான். அதற்குப் பிறகு ரவுட்டர் மாதத்துக்கு இரண்டு தடவை பழுதானது. ரவுட்டரில் ஒரு பழுதும் இல்லை. அருள்தாஸ் வந்து வந்து பார்த்தான், ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாம் நாள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கதிரேசன் அவனைப் பருத்திக் குடோனுக்குக் கூப்பிட்டான். கூட மூன்று சேக்காளிகள் இருந்தார்கள். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. அருள்தாஸின் வலது கையைப் பிடித்து வேன் கதவின் இடுக்கில் வைத்து, கதிரேசன் கதவை அறைந்து சாத்தினான். மயிரிழை மாதிரியான வயர்களைப் பிரித்துப் பிழைத்தவனுக்கு மூன்று விரல்கள் போயின. ஸ்டேஷனில், கதவில் தானாக மாட்டிக்கொண்டது என்று எழுதிக்கொண்டார்கள். புகார் கொடுக்கப் போன வினோதினியைக் காட்டி, "எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல சார், இருந்தவ செத்துட்டா," என்றான் கதிரேசன். சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து தலை முழுகி, அவளுடைய ஹால் டிக்கெட் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு, சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி ஒட்டி, பதினாறாம் நாள் கருமாதியும் செய்தான். தெருவே உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டது. அவளுடைய சான்றிதழ்களை எரித்தான், ரேஷன் கார்டில் பெயரை எடுத்தான், வாசல் பூட்டை மாற்றினான், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கதவைப் பூட்டியதாக அவன் நினைத்தான். வாட்ச்மேனின் நோட்டில் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது அவனுக்குத் தெரியாது. வாசல் கேமரா அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியதால் அதை அவன் அணைப்பதும் இல்லை.

பெங்களூரில் அருள்தாஸோடு ஒற்றை அறையில் குடியிருந்த வினோதினி, வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் சான்றிதழ் கேட்டதால், பழைய ஸ்கேன் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தாள். இணைப்புக் கிடைத்தது. கீபோர்டில் விரலை வைத்தாள், விரல் உள்ளே போனது, வாளித் தண்ணீருக்குள் போவது போல முழங்கை வரை போனது. வீட்டுக் கம்ப்யூட்டர் மேலிருந்த கேமரா வழியாகத் திரையில் கூடம் தெரிந்தது, அங்கே பேசுவதும் கேட்டது, முறத்தோடு அம்மா தெரிந்தாள். சான்றிதழ் நினைப்பே அவளுக்கு மறந்துபோயிற்று.

தெரு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம். வினோதினி பெங்களூரில் உயிரோடு இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் செத்துப்போனாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும், கருமாதியில் சாப்பிட்டவர்கள்தானே. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்வதில் பருத்திக்கடைத் தெருவுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அந்தத் தெரு வழக்கப்படி, கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னி சாமி ஆகிவிடுவாள். அவளுக்கு ஒரு பெட்டியில் பாவாடையும் வளையலும் சீப்பும் வைத்துப் படைக்க வேண்டும், நல்லது கெட்டதுக்கு அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். வினோதினி செய்துகொண்டது கல்யாணமே இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் கதிரேசன். கல்யாணம் இல்லையென்றால் அவள் கல்யாணமாகாதவள். கருமாதி ஆனதால் செத்தவள். அப்படியானால் அவள் கன்னி, சந்தேகமே இல்லை. தங்கச்சியை ஒழித்துக்கட்ட அவன் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் அவளைப் பீடத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாயிற்று. கூடம் நிறையப் பெண்கள். மேஜைக்கு மேலே சுவரில் இருந்த ரவுட்டரைப் பிடுங்கத்தான் போனான். அத்தனை பெண்களும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டான். அவன் முட்டாள் அல்ல.

அப்புறம் கூட்டம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வளையல் போட வந்தார்கள், மருதாணி வைக்க வந்தார்கள், குழந்தைக்குத் திருநீறு பூச வந்தார்கள், இரண்டு மாப்பிள்ளை ஜாதகங்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி எதை எடுப்பது என்று கேட்க வந்தார்கள், கடைசியில் விண்ணப்பத்தோடு வந்தார்கள். கைக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியும் என்று கண்டுபிடித்ததும் மற்ற வேண்டுதல்களெல்லாம் இரண்டாம்பட்சம் ஆயின. ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த விதவை உதவித்தொகை வந்தது, பெயரில் ஓர் எழுத்துத் தப்பாக இருந்த ஆதார் சரியானது, காலேஜ் உதவித்தொகை வந்தது. அருள் வாக்குச் சொல்லும் சாமிகள் அந்த வட்டாரத்தில் நிறைய உண்டு, ஆனால் ஓடிபி கேட்டு வாங்கிக் காரியத்தை முடித்துக் கொடுக்கும் சாமி இது ஒன்றுதான். கீபோர்டில் மஞ்சள் அப்பிக்கொண்டது. கம்ப்யூட்டர் கேமராவுக்குக் கனகாம்பரம் சூட்டினார்கள், வினோதினி தன் தெருவைப் பூவின் இடுக்கு வழியாகவே பார்த்தாள்.

ஆடிக் காற்றில் ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. இணைப்பு அறுந்ததும், ஒரு கைக்குழந்தையின் நெற்றிக்கு நீண்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. பெங்களூரில் வினோதினி கையை இழுத்தாள், முழங்கையோடு முடிந்திருந்தது. வலி இல்லை, ரத்தம் இல்லை, சுடிதாரின் கை மட்டும் தொங்கியது. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்து, அருள்தாஸ் இடது கையால் மறுபடி இணைப்புக் கொடுத்து, அவள் முழங்கையை லேப்டாப்பில் வைத்த பிறகுதான் கை கைக்கு வந்து சேர்ந்தது. கரிசல்பேட்டையில் விரல் அசைந்து குழந்தைக்குத் திருநீறு பூசியது. அதுவரை குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய், "என்னா பொறுமை பாருங்க கன்னிக்கு," என்றாள். மறுநாளே ரவுட்டருக்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்தார்கள், லைன்மேனுக்குச் சர்க்கரைப் பொங்கல் தனியாகப் போனது.

கதிரேசன் இதற்குள் பெரிய மனிதன் ஆகியிருந்தான். தங்கச்சி ஓடிப்போன வீடு என்று அவனுக்குப் பெண் கொடுக்காத தெரு, இப்போது கன்னி இறங்கிய வீடு என்று அவனைப் பார்த்தால் எழுந்து நின்றது. தினமும் குளித்துவிட்டு வந்து, மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, கைகளின் கீழ் நீட்டுவான். அவன் கழுத்துக்கும் அவள் கட்டைவிரலுக்கும் நாலு விரற்கடைத் தூரம்தான் இருக்கும். அவன் தலையில் தேய்த்திருக்கும் எண்ணெயின் பிசுபிசுப்பு அவள் உள்ளங்கையில் படும். அந்த நேரம் அவளுக்குள் எரிந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று அவள் கை துடிக்கும், அவள் ஆசீர்வாதம் செய்வாள்.

"இன்னிக்கும் ஆசீர்வாதமா?" என்று அருள்தாஸ் கேட்பான்.

"இன்னிக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"பழகட்டும். அவனும் பழகட்டும், தெருவும் பழகட்டும். இந்தக் கை எது சொன்னாலும் கேக்கிற அளவுக்குப் பழகட்டும்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அருள்தாஸின் விரலை நசுக்கியது நான்தான் என்று கதிரேசன் தன் வாயால், பாயசம் குடித்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கழுத்தை நெரித்தால் அந்த வாய் மூடிவிடும். அதனால் அவள் காத்திருந்தாள், பதினோரு மாதம் ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

பங்குனித் திருவிழா வந்தது. பரிவட்டம் கட்டி முதல் மரியாதை யாருக்குக் கொடுப்பது என்று அந்தத் தெருவில் வருஷா வருஷம் அடிதடி நடக்கும். இந்த வருஷம் கன்னியே சொல்லட்டும் என்று முடிவானது. சொன்ன சொல்லை மீறுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தார்கள். கன்னி யார் பெயரைச் சொல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கதிரேசன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கூடம் கொள்ளாமல் கூட்டம் வாசலில் நின்றது. பூரணம் டீச்சர் கையில் மைக் கொடுத்திருந்தார்கள்.

கைகள் தட்டின. டீச்சர் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்துவிடுவார், அன்றைக்கு இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு மைக்கில் படித்தார். "முதல் மரியாதை என் கணவர் அருள்தாசுக்கு."

கன்னிக்குக் கணவன் இருந்தால் அவள் கன்னி இல்லை. கன்னி இல்லையென்றால், ஆதார் சரியானதும் உதவித்தொகை வந்ததும் எந்தச் சாமியால்? சத்தியம் வேறு செய்தாயிற்று. அத்தனை பேரும் இதை மனசுக்குள் போட்டு உருட்டுவது வெளியே தெரிந்தது. கடைசியில், விதவை உதவித்தொகை வாங்கியிருந்த பெண்தான் வாயைத் திறந்தாள்.

"ஏன், சாமிக்குப் புருஷன் இருந்தா என்ன கெட்டுப்போச்சு? இருந்துட்டுப் போறாரு."

அதற்குள் கைகள் அடுத்த வரியை ஆரம்பித்திருந்தன. "அவருடைய விரல்களை," என்று டீச்சர் வாசித்தபோது கதிரேசன் பாய்ந்தான். மேஜைமேல் வலது கையை ஊன்றிக்கொண்டு, இடது கையால் சுவரிலிருந்த ரவுட்டரைப் பேட்டரியோடு சேர்த்துப் பிய்த்துத் தரையில் ஓங்கி அடித்தான். அது இரண்டாகப் பிளந்தது. ஆனால் ஊன்றிய கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மோதிர விரலையும், அது பிளப்பதற்கு ஒரு நொடி முன்னால், வினோதினியின் கைகள் பற்றியிருந்தன.

இணைப்பு அறுந்துபோயிற்று. கைகள் பிடித்த பிடியில் நின்றுவிட்டன. அவை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சோப்பு நுரை ஊற்றிப் பார்த்தார்கள், இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள், கதிரேசன்தான் அலறினான். கத்தியை எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, சாமி கையில் யார் கத்தி வைப்பது என்று மற்றவர்கள் கேட்டார்கள். அப்படியே பொழுது போனது. அவன் மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்கினான், இடது கையால் சாப்பிட்டான், வாளியைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். தெரு வழக்கம்போல வந்து கைகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனது. அவனுக்கும் சேர்த்துக் கும்பிடுவதா என்று முதலில் குழம்பினார்கள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை கடையிலிருந்து புது ரவுட்டர் வந்தது. கொண்டுவந்தவர் மாட்டிவிட்டுக் கையை விரித்தார். "இது புதுசு அண்ணாச்சி. நோட்டு காலியா இருக்கு. எந்த நம்பர்ல கூப்பிட்டா அவங்க வருவாங்கன்னு பழசைப் போட்ட ஆளுக்குத்தான் தெரியும். உள்ள இருந்து எழுதினாத்தான் வெளிய இருக்கிறவங்க வர முடியும்."

பழசைப் போட்ட ஆளின் நம்பர் டீச்சரிடம் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் மைக்கையும் வைத்தார், அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே வைத்தார்.

"யாரு பேசுறது?" என்றான் அருள்தாஸ். அவனுக்குப் பக்கத்தில் முழங்கையோடு முடிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு வினோதினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கதிரேசன்."

"எந்தக் கதிரேசன்?"

"வினோதினி அண்ணன்."

"அவங்க செத்துட்டாங்கன்னுல்ல ஸ்டேஷன்ல சொன்னீங்க."

கதிரேசன் வாசலைப் பார்த்தான். தெரு முழுக்க நின்றது. "உசுரோடதான் இருக்கா," என்றான்.

"நான் யாரு?"

"மாப்பிள்ள."

"என் வெரலு எப்படிப் போச்சு, மச்சான்?"

"வேன் கதவுல."

"கதவு தானா சாத்திக்கிச்சா?"

"இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க, இங்க கேக்கல."

"நாந்தான் வச்சுச் சாத்தினேன்," என்றான் கதிரேசன், மைக்கில் அது தெருமுனை வரைக்கும் கேட்டது. அவன் அழுதான். வெட்கத்தால் அழுதான், குற்ற உணர்ச்சியால் அல்ல. அது வினோதினிக்கு அவன் குரலிலேயே தெரிந்தது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா.

அப்புறம் அருள்தாஸ் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, கதிரேசன் இடது கையின் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, புது ரவுட்டரின் நோட்டில் தங்கச்சி வருவதற்கான வழியைத் தானே எழுதினான். தப்பாக அடித்து அடித்து அழித்தான். அருள்தாஸ் அவசரப்படுத்தவில்லை. ஸ்டூலில் நின்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே நிதானத்தோடு சொல்லிக் கொடுத்தான். எழுதி முடித்ததும் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. பெங்களூரில் வினோதினி முழங்கையை லேப்டாப்பில் வைத்தாள். கை வந்து சேர்ந்ததும் முதலில் அவளுக்குத் தெரிந்தது சூடுதான், தன் பிடிக்குள் வியர்த்துக் கிடந்த மூன்று விரல்களின் சூடு.

"சொல்லிட்டான்," என்றான் அருள்தாஸ். "நீ கேட்டது கெடச்சுருச்சு. விட்டுரு வினோ."

"உனக்குச் சொல்லிட்டான்," என்றாள் அவள். "எனக்கு உசுரோட கொள்ளி வச்சானே, அதுக்கு?"

அவள் மன்னித்துவிட்டாள் என்று இந்த இடத்தில் சொன்னால் கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கும். அவள் மன்னிக்கவில்லை. திரையில் கனகாம்பரத்தின் நடுவே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிவகாமி கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கருமாதி அன்றைக்கு இவள் எதுவும் சொல்லாமல் அடுப்படியில் பாயசம் கிண்டியவள். இன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை, மகன் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்து ஒரு தடவை தலையை மட்டும் அசைத்தாள். வினோதினி முருங்கைக்காய் ஒடிப்பது போல மூன்று விரல்களையும் ஒடித்தாள். ஒவ்வொன்றாக ஒடித்தாள், அவசரமில்லாமல் ஒடித்தாள். ஒடிக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பதினெட்டு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது. அருள்தாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தெரு யாரையும் தடுக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை. கதிரேசனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களிடம் டாக்டர் விசாரித்தபோது, கதவில் மாட்டிக்கொண்டது என்று எட்டுப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பங்குனித் திருவிழாவில் முதல் மரியாதைக்கு அருள்தாஸ் வரவில்லை, கூப்பிட்டும் வரவில்லை. பரிவட்டத்தை வெறும் நாற்காலியில் வைத்து மேளம் அடித்து முடித்தார்கள். சத்தியத்துக்குப் பயந்தார்களே ஒழிய, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் அவன் வீட்டு ஆட்களில் ஒருவரையாவது கூட்டிவர அவர்களுக்கு மனசு வரவில்லை. அந்தத் தெரு அவ்வளவுதான், கை வந்ததால் திருந்திவிடவில்லை.

கட்டுப் போட்டுக் கதிரேசன் வீட்டுக்கு வந்த மறுநாள், கைகள் வழக்கமான நேரத்துக்கு வந்தன. சிவகாமி மற்ற பெண்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டீச்சரை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"போதுமாடி?" என்று கைகளைக் கேட்டாள்.

"போதும்மா," என்று டீச்சர் படித்தார்.

"அப்ப ஒன் வீட்டு அட்ரஸ அடி. டீச்சர் எழுதித் தருவாங்க."

ஊருக்கெல்லாம் முகவரி நிரப்பிக் கொடுத்த விரல்கள் கொஞ்சம் தடுமாறின. பிறகு வீட்டு எண், மாடி, குறுக்குத் தெரு, பஸ் இறங்க வேண்டிய இடம், எந்தக் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள் என்பது வரைக்கும் அடித்தன. டீச்சர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். சிவகாமி கைகளைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அவற்றிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், மஞ்சளை ஈரத் துணியால் துடைத்தாள். "உள்ள இழுத்துக்க," என்றாள். கைகள் உள்ளே போய் மறைந்ததும் ரவுட்டரின் வயரை அவளே பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தப் பையில் இரண்டு சேலையும், உளுந்து ஒரு படியும் ஏற்கெனவே இருந்தன.

கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்த கதிரேசன் எழுந்தான்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"எம் மக வீட்டுக்கு."

"அப்ப எனக்கு யாரு சோறு போடுவா?"

சிவகாமி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு கை இருக்குல்லடா," என்று சொல்லிவிட்டு, பதினொன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.